ஆச்சியின் பாம்படம் எங்கே போனது? பழைய போட்டோவை ஏஐ 'புதுசாக்கும்'போது நடப்பது என்ன

சாரல் பிடித்துவிட்டால் செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வேலை கூடும். சுவரில் ஈரம் ஏறி, மாலை போட்டு மாட்டியிருந்த தாத்தா படம் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சணம் பூத்திருக்கும். அதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு, தென்மலையில் மழை இன்னும் அதிகம் என்பதால் அங்கிருந்தும் வருவார்கள். இப்போது ஒரு வித்தியாசம். பாதிப் பேர் கடைக்கு வரும் முன்பே போனில் ஏதோ ஒரு ஆப்பில் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

"அண்ணாச்சி, ஆச்சி படத்த ஏஐல போட்டேன், சூப்பரா வந்திருக்கு. ஆனா எங்கம்மா பாத்துட்டு இது ஆச்சியே இல்லங்கா."

"காதப் பாரு தம்பி. பாம்படம் எங்க?"

வடித்த காதில் கனமாகத் தொங்கும் அந்தப் பழைய நகை, பாம்படம், இல்லை. தோளைத் தொடுகிற மாதிரி வடித்த காதும் இல்லை. அந்த இடத்தில் அளவான ஒரு காது, அதில் பொட்டுப் போல ஒரு முத்துத் தோடு. கன்னத்து அம்மைத் தழும்பும் போயிருந்தது. நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டை மூன்றையும் மெஷின் கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் படம் போடும் புது வசதி வந்தது, ஆகஸ்டில் கூகுளின் நானோ பனானா என்ற ஏஐ படக் கருவி வந்தது, அடுத்த மாதமே ஊரெல்லாம் சேலை கட்டிய படமாக ஓடியது. அந்தக் கையோடு பழைய போட்டோக்களும் உள்ளே போயின. 'ரீஸ்டோர்' என்ற ஒரே பட்டனுக்குள் வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. அவற்றில் எது நடந்தது என்று அந்தப் பட்டன் சொல்வதில்லை. குழப்பமெல்லாம் அங்கேதான். அதைப் பிரித்துப் பார்க்கப் போட்டோ என்ற பொருளிலிருந்தே தொடங்கலாம்.

காகிதத்தின் மேல் வெள்ளி

பழைய கருப்பு வெள்ளைப் படம் என்பது மூன்று அடுக்கு. அடியில் காகிதம். அதன் மேல் பேரியம் சல்பேட் கலந்த வெள்ளைப் பூச்சு. அதற்கும் மேல் ஜெலட்டின், அதாவது மாட்டு எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற பசை. அந்தப் பசைக்குள் பொடிப்பொடியாக வெள்ளித் துகள். நாம் கருப்பு என்று பார்ப்பது அந்த வெள்ளியைத்தான். ஜெலட்டின் தண்ணீர் பட்டால் உப்பும், பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. படம் கெடுகிற வழிகள் பலவும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

1. பூஞ்சணம், பூச்சி. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கத்து வீடுகளில் அது சாதாரணம். ராமபாணப் பூச்சி ஜெலட்டினையும் அட்டையில் ஒட்டிய பசையையும் அரித்துத் தின்னும்.

2. கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது. உப்பிய ஜெலட்டின் கண்ணாடியில் படிந்து காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் காகிதம்தான் கையில் வரும். இதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

3. மஞ்சளாகி மங்குவது. படத்தை நிலைக்க வைக்கப் போடும் ஹைப்போ மருந்தை, அதாவது சோடியம் தயோசல்ஃபேட்டை, ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசி எடுத்துவிட வேண்டும். முகூர்த்த சீசன் அவசரத்தில் அரைகுறையாக அலசியிருந்தால், மிச்சம் நின்ற கந்தகம் பல வருஷங்களுக்கு வெள்ளியை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும்.

4. கருப்பான இடங்களில் நீலம் பாய்ந்த பளபளப்பு. வெள்ளி மேலே ஊர்ந்து வந்து படிவதால் வருவது. அழுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்த்துவிடாதீர்கள்.

5. கலர் படம் சிவப்பாகப் போவது. கலர் பிரிண்ட்டில் வெள்ளி கிடையாது, மூன்று சாயங்கள்தான். 1970, 80-களின் பிரிண்ட்கள் பலவற்றில் பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். அது குறைந்தால் மிஞ்சுவது சிவப்பு. கல்யாண ஆல்பத்தில் எல்லார் முகமும் ஒரே செம்மண் நிறத்தில் இருப்பது இதனால்தான்.

ஸ்கேனில் தோற்றால் எல்லாம் தோற்றது

ஆப் எது, சாப்ட்வேர் எது என்று கேட்பவர்கள் ஸ்கேன் எப்படி எடுப்பது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஆனால் பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6க்கு 8 இஞ்ச் கல்யாண குரூப் போட்டோ, முப்பது பேர் நிற்கிறார்கள், ஒரு முகம் கால் இஞ்ச் அகலம். 600 டிபிஐயில், அதாவது இஞ்சுக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்கு 150 பிக்சல் கிடைக்கும். அதே படத்தைப் போனில் எடுத்து, சித்தப்பா வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 8 இஞ்சுக்கு 1600 என்றால் முகத்துக்கு 50 பிக்சல். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. விட்டுப்போன எட்டுப் பங்கையும் ஏஐ தானாக இட்டுக்கட்டித்தான் நிரப்ப வேண்டும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும்.

பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ வைக்கலாம். கருப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், காரணம் கீழே வருகிறது. முதல் பிரதியை ஜேபெக்கில் வைக்காமல் டிஃப் ஃபைலாக வைத்தால் தரம் குறையாது. ஸ்கேனரில் இருக்கும் 'ஆட்டோ கரெக்‌ஷன்' எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். ஆனால் பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெலிசான ஸ்கேனர்கள் பலவற்றுக்குத் தன்மேல் ஒட்டிக் கிடப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். நடுவில் கண்ணாடி வந்தால் படம் மங்கும். கொஞ்சம் கனமான பழைய மாடல் ஸ்கேனர் இதற்குத் தேவலை. அதுவும் இல்லையென்றால் ஜன்னலோரம் நிழலில் நேராக வைத்து, எதிரே கருப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஃப்ளாஷ் இல்லாமல் போட்டோ எடுக்கலாம். கண்ணாடி மேல் வைத்த சந்தனப் பொட்டையும் விளக்குப் புகையையும் வெளிப்பக்கமாக மட்டும், லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். தண்ணீர் ஓரமாக உள்ளே இறங்கிவிடக் கூடாது.

பட்டன் ஒன்று, வேலை மூன்று

இனி விஷயத்துக்கு வருவோம். 'ரீஸ்டோர்' என்பதற்குள் இருக்கும் மூன்றையும் நான் இப்படித்தான் பிரிப்பேன்.

முதலாவது, வெளிக்கொண்டு வருவது. தகவல் படத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நடுவில் மஞ்சள் கறை படிந்த ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்வோம். கலரில் ஸ்கேன் செய்திருந்தால் அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனிப் படங்கள் இருக்கும், சேனல் என்பார்கள். மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். ஆகவே நீலச் சேனலில் கறை கருப்பாக அப்பியிருக்கும், சிவப்புச் சேனலைத் தனியாகத் திறந்தால் பல சமயம் கறையே இருக்காது, பின்னால் தாத்தாவின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். படமே வெளிறி மஞ்சளாகப் போயிருந்தால் இதற்கு நேர்மாறு: மங்கிய கோடுகள் நீலச் சேனலில்தான் அழுத்தமாக நிற்கும். சிவந்துபோன கலர் படத்தையும் இதே மாதிரி ஒவ்வொரு சேனலாகச் சரிசெய்யலாம். இதில் ஒரு புள்ளிகூடப் புதிதாகச் சேர்வதில்லை. ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரிலேயே செய்யலாம், பத்து நிமிஷ வேலை. ஏன் இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

இரண்டாவது, ஒட்டுப் போடுவது. கீறலோ மடிப்போ பூச்சி அரித்த ஓட்டையோ, அந்த இடத்தில் தகவல் இல்லை. பக்கத்திலிருந்து எடுத்து அடைக்கிறோம், வேட்டியில் கிழிசலுக்குத் துணி வைத்துத் தைக்கிற மாதிரி. அந்தக் காலத்தில் மெல்லிய பிரஷ்ஷும் பென்சிலும் வைத்துக்கொண்டு 'டச்சிங்' செய்தவர்களின் வேலை இதுதான். போட்டோஷாப்பில் 2002-ல் வந்த ஹீலிங் பிரஷ், 2010-ல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் எல்லாம் இதன் கம்ப்யூட்டர் வடிவம். சுவர், திரை, தரை, வேட்டி மடிப்பு இவற்றில் ஒட்டுப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கண்ணிலும் வாயிலும் போட்டால் ஆள் மாறிவிடும்.

மூன்றாவது, புதிதாக வரைவது. ஆச்சியின் காது போனது இங்கேதான்.

அந்த முகம் எங்கிருந்து வருகிறது

மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் கருவிகளில் பலரும் எடுத்தாள்வது 2021-ல் டென்சென்ட் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஜிஎஃப்பிகான், 2022-ல் சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கோட்ஃபார்மர். இவை இரண்டும் முகம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது எஃப்எஃப்ஹெச்க்யூ என்ற படத்தொகுப்பிலிருந்து. என்விடியா நிறுவனத்தார் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து சேர்த்த 70,000 முகங்கள் அதில் உண்டு. பெரும்பாலும் டிஜிட்டல் கேமரா காலத்தில் எடுத்து இன்டர்நெட்டில் போட்டவை. அவற்றில் வடித்த காதில் பாம்படம் போட்ட பாட்டி எத்தனை பேர் இருக்க முடியும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மெஷினிடம் 50 பிக்சல் முகத்தைக் கொடுத்தால் அது "இந்த மங்கல் எந்தத் தெளிவான முகத்திலிருந்து வந்திருக்கலாம்" என்று தேடும். பொருந்துகிற முகம் ஒன்றிரண்டு இருக்காது, ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் தனக்கு அதிகம் பழக்கப்பட்டதை எடுத்துவைக்கும். காதுக்குக் கீழே தொங்கும் கருப்பு உருவம் அதற்குப் பழக்கமில்லை, ஆகவே தலைமுடியாகவோ நிழலாகவோ மாற்றிவிடும். அம்மைத் தழும்பு, படத்தில் விழுந்த புள்ளி என்று ஆகிவிடும். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாகச் சான்று கிடைத்தது 1977-ல். அதற்கு முந்தின தலைமுறையில் தழும்போடு வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர், ஏஐ திருத்திய படங்களில் அவர்களுக்கெல்லாம் வழவழ கன்னம். இரண்டு பக்கமும் மூக்குத்தி என்றால் ஒன்று காணாமல் போகும். ஸ்டுடியோவில் வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்த தாத்தா லேசாகச் சிரிக்கவும் ஆரம்பித்துவிடுவார்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் என்ற கருவியில், கட்டம் கட்டமாக மங்கலாக்கிய ஒபாமா படத்தை ஒருவர் போட்டார். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர். கருவி யாரையும் ஏமாற்றவில்லை. இல்லாத முகத்தைக் கற்பனை செய்வதுதான் தன் வேலை என்று செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். கோட்ஃபார்மரில் இதற்கு ஒரு திருகே வைத்திருக்கிறார்கள், 0 முதல் 1 வரை. 0 பக்கம் நகர்த்தினால் பளபளப்பு கூடும், 1 பக்கம் நகர்த்தினால் மூலப்படத்துக்கு விசுவாசம் கூடும். நம் கையில் இருக்கும் ஆப்களில் இந்தத் திருகு வெளியே தெரிவதில்லை, பளபளப்புக்குத்தான் மக்கள் காசு கொடுக்கிறார்கள்.

சாட்ஜிபிடி, நானோ பனானா வகை இன்னும் ஒரு படி மேலே. அவை முகத்தை மட்டும் தொடுவதில்லை, படம் முழுவதையும் திரும்ப வரைகின்றன. விரல், நகை, பின்னால் தொங்கும் திரை, ஸ்டுடியோ பெயர்ப் பலகை எழுத்து எல்லாம் புதுசு. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மலையாளமோ தமிழோ இருந்த இடத்தில் ஒரு மொழியிலும் சேராத கிறுக்கல் இருக்கும்.

கலர் கொடுப்பது என்ற ஊகம்

அரக்குச் சேலையும் கரும்பச்சைச் சேலையும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் நிறம். சாம்பலிலிருந்து திரும்பி நிறத்துக்குப் போக வழி கிடையாது. ஏஐ தான் பார்த்த படங்களை வைத்து ஊகிக்கிறது, நிச்சயமில்லாத இடத்தில் பழுப்பையோ மங்கின நீலத்தையோ தடவிவிடுகிறது. கேரளத்து வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்த பாட்டிக்கு வெளிர்நீலத்தில் ஏதோ ஒரு துணி வருவது இப்படித்தான். தங்கச் சரிகைக் கசவு இருந்த கரை சாம்பலாகவே நிற்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்த்தோ என்று சொல்லும் பழைய பிலிம்களுக்கும் கண்ணாடி நெகட்டிவ்களுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்பு எதுவானாலும் கருப்பாகத்தான் விழும். குங்குமப் பொட்டு கருப்பாக இருக்கும், வெற்றிலை போட்ட உதடும் கருப்பாக இருக்கும், மாநிறத் தோல்கூட உள்ளதைவிடக் கருப்பாக விழும். மெஷின் பொட்டுக்குக் கருப்பையே அடிக்கும். 'எங்க கொள்ளுத்தாத்தா இவ்வளவு கருப்பா' என்று கேட்பவர்கள் பிலிமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிறம் வேண்டும் என்றால் வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் கேட்டுக் கையால் கொடுப்பதுதான் வழி. அவர்களுக்கும் மறந்துபோயிருந்தால் கருப்பு வெள்ளையாகவே விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இதனால் என்ன ஆகிவிடும்

அழகாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். மாட்டி வைத்துப் பார்க்கத்தான் என்றால் போதும், யாரும் தடுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது.

1. ஏஐ படம் குடும்ப குரூப்பில் பரவிவிடும், மூலம் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துப் போகும். பத்து வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் ஆச்சி. மூன்று பேர் மூன்று ஆப்பில் போட்டிருந்தால் மூன்று ஆச்சி.

2. அந்தப் படத்தையே எடுத்து இன்னொருவர் மறுபடி ஆப்பில் போடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் முகம் கொஞ்சம் நகரும்.

3. வாரிசு, சொத்து விவகாரங்களில் பழைய குடும்பப் படத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஏஐ தொட்ட படத்தைக் கொண்டுபோனால் எதிர்த்தரப்புக்கு நீங்களே வாய்ப்பை எடுத்துக் கொடுத்த மாதிரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் வேண்டும். காகிதப் படத்தைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் மூலம்.

4. ஆப்பில் போடுகிற படம் வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ போகிறது. இறந்தவர் படம் மட்டும் என்றால் பரவாயில்லை, குரூப் போட்டோவில் இன்றைக்கு இருப்பவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். மேலே சொன்ன இரண்டு முகக் கருவிகளையும் இன்டர்நெட் இல்லாமல் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். விவரம் தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன வரிசையில் செய்வது

1. ஸ்கேன் எடுத்த டிஃப் ஃபைலை அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள். அதை யாரும் தொடக் கூடாது.

2. பிரதி எடுத்து, முதலில் சேனல், வெளிச்சம், கான்ட்ராஸ்ட். பாதிப் படங்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

3. பிறகு கையால் ஒட்டு. முகத்தைத் தொடாமல் பின்னணி மட்டும்.

4. அப்புறமும் முகம் தெளிவில்லை என்றால் ஏஐ. வந்ததை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் மூலத்தின் மேல் ஒரு லேயராகப் போட்டு முப்பது, நாற்பது சதவீதம் மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். காது, நெற்றி, நகை இருக்கும் இடத்தில் லேயரை அழித்துவிடுங்கள்.

5. ஆளைத் தெரிந்த ஒருவரிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவர் முதல் பார்வையில் சொல்வதே தீர்ப்பு.

6. ஃபைல் பெயரிலேயே 'ஏஐ சேர்த்தது' என்று எழுதிவிடுங்கள். கூகுள் தன் ஏஐ படங்களில் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரை வைக்கிறது, ஆனால் குடும்ப குரூப்பில் அதை யார் சோதிக்கப் போகிறார்கள்.

ஸ்கேன் முடிந்த பிறகு அந்தப் பழைய படத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூடும் பசையும் ஜெலட்டினோடு சேர்ந்துவிடும், திரும்பப் பிரிக்கவே முடியாது. அமிலமில்லாத காகித உறையில் போட்டு, வெளிச்சுவரில் சாராத பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்

இதை எந்த ஆப்பும் கேட்காது. இந்த எல்லைப் பகுதிக்கு இது ரொம்ப முக்கியம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது, அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால் பழைய படங்களின் பின்னால் மலையாள எழுத்து இருக்கும், தமிழும் இருக்கும், வருஷம் பெரும்பாலும் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். '1118 சித்திரை' என்று பார்த்துவிட்டு ஏதோ சோழர் காலத்துப் படம் போலிருக்கிறதே என்று சிரிப்பவர்கள் உண்டு.

கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐக் கூட்டுங்கள். 1118 ஆவணி என்றால் 1942, 1118 சித்திரை என்றால் 1943. அந்த வருஷத்தோடு, படத்தில் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டு, பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் புடைத்துக்கொண்டு தெரியும்.